கழுத்துல ஒரு கன்ட்ரோல் சிஸ்டம்: தைராய்டு, குச்சிக்கிழங்கு, ஒரு சிட்டிகை உப்பு



கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்னாலே நம்ம பாதிப்பேருக்கு அலர்ஜி. செட் பாயின்ட், எரர் சிக்னல், நெகட்டிவ் ஃபீட்பேக்னு போர்டு முழுக்கப் பெட்டி பெட்டியா வரைவாங்க. ஆனா அந்தப் பாடத்துக்கு ஒரு சூப்பர் உதாரணம் நம்ம எல்லார் கழுத்துலயும் 15 முதல் 20 கிராம் எடையில உட்கார்ந்திருக்கு. பேரு தைராய்டு. பட்டாம்பூச்சி மாதிரி ரெண்டு சிறகு, குரல்வளைக்குக் கொஞ்சம் கீழே.

இந்தக் கட்டுரையில அந்தச் சுரப்பி எப்படி வேலை செய்யுது, எங்க பழுதாகுது, அதுக்கும் நம்ம கள்ளக்குறிச்சி குச்சிக்கிழங்குக்கும் கடையில வாங்குற உப்புக்கும் என்ன சம்பந்தம்னு பார்ப்போம். மெடிக்கல் படிக்கிற ஃப்ரெண்டு யாராவது இருந்தா பக்கத்துல வெச்சுக்கிட்டே படிங்க, தப்பில்ல.

முதல்ல ஹார்மோன்னா என்ன?

உடம்புல சுரப்பிகள் ரெண்டு வகை. உமிழ்நீர்ச் சுரப்பி, வியர்வைச் சுரப்பி மாதிரி குழாய் வெச்சு ஒரு இடத்துல கொண்டுபோய் ஊத்துறது ஒரு வகை. குழாயே இல்லாம நேரா ரத்தத்துல கலந்துவிடுறது இன்னொரு வகை. இந்த ரெண்டாவது வகையைத்தான் பத்தாங்கிளாஸ்ல நாளமில்லாச் சுரப்பிகள்னு படிச்சோம். இவை அனுப்புற ரசாயனத் தூதுதான் ஹார்மோன்.

1902ல் லண்டன்ல பேலிஸ், ஸ்டார்லிங்னு ரெண்டு பேர் செக்ரிடின்ங்கிற பொருளைக் கண்டுபிடிச்சாங்க. குடல்ல இருந்து கிளம்பி, நரம்பு வழியா இல்லாம ரத்தம் வழியா போய், கணையத்துக்கு "வேலையை ஆரம்பி"ன்னு சொல்ற பொருள் அது. 1905ல் ஸ்டார்லிங் இந்த வகைப் பொருள்களுக்கு ஹார்மோன்னு பேர் வெச்சார். "தூண்டிவிடுவது" என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

ரத்தம் எல்லா இடத்துக்கும் போகுது. அப்போ ஒரு ஹார்மோன் எல்லா உறுப்பையும் ஆட்டிவைக்குமா? வைக்காது. எந்த செல்லுல அதுக்கான ஏற்பி இருக்கோ அந்த செல் மட்டும்தான் கேட்கும். எஃப்.எம். ரேடியோ மாதிரி. அலை எல்லா வீட்டுக்கும் வருது, ட்யூன் பண்ண வீட்டுலதான் பாட்டு கேட்குது.

கணையம் இன்சுலின் விடுது. அது குறைஞ்சாலோ செல்கள் அதைக் கேட்காம போனாலோ சர்க்கரை நோய். சிறுநீரகத்து மேல தொப்பி மாதிரி இருக்குற அட்ரீனல், அட்ரினலினும் கார்டிசாலும் தருது. மூளைக்குள்ள பட்டாணி சைஸ்ல இருக்குற பிட்யூட்டரி, மத்த பல சுரப்பிகளுக்கு ஹெச்.ஓ.டி. மாதிரி. பீனியல் இருட்டானா மெலடோனின் விடும்; ராத்திரி ரெண்டு மணிவரை மொபைல் வெளிச்சத்துல இருந்தா அதுக்கே குழப்பம். இதுல தைராய்டு எங்க வருதுன்னா, உடம்போட வேகத்தை நிர்ணயிக்கிற இடத்துல. இதயத் துடிப்பு, உடல் சூடு, குடலோட அசைவு, மாதவிடாய், குழந்தையோட மூளை வளர்ச்சி எல்லாத்துலயும் அதுக்குக் கை இருக்கு.

லூப்பை வரைஞ்சு பார்ப்போம்

மூளையில ஹைப்போதலாமஸ், டி.ஆர்.எச்.னு ஒரு சிக்னல் விடும். அதைக் கேட்டு பிட்யூட்டரி டி.எஸ்.எச். விடும். அதைக் கேட்டு தைராய்டு தைராக்சின் தயாரிக்கும். ரத்தத்துல தைராக்சின் போதுமான அளவுக்கு ஏறினதும் மேல இருக்குற ரெண்டு பேரும் சிக்னலைக் குறைச்சுக்குவாங்க. தைராக்சின் குறைஞ்சா சிக்னல் ஏறும். அவ்வளவுதான், சுத்தமான நெகட்டிவ் ஃபீட்பேக்.

லேப் ரிப்போர்ட்ல டி.எஸ்.எச். அதிகம்னு வந்தா நம்ம ஆளுங்க "தைராய்டு அதிகமாயிடுச்சு"ம்பாங்க. உல்டா. டி.எஸ்.எச். பிட்யூட்டரியோட குரல். கத்துறான்னா கீழ இருக்குறவன் வேலை செய்யலன்னு அர்த்தம். டி.எஸ்.எச். ஏறினா தைராய்டு மந்தம், இறங்கினா பெரும்பாலும் தைராய்டு ஓவர் ஸ்பீடு. தைராக்சின் கொஞ்சம் குறைஞ்சாலே டி.எஸ்.எச். பல மடங்கு எகிறும். அதனாலதான் டாக்டர்கள் முதல் டெஸ்டா அதைக் கேட்குறாங்க. சுமாரா 0.4லிருந்து 4 வரை நார்மல். லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும்.

சரி, தைராக்சினை எதை வெச்சு செய்யுது? டைரோசின்ங்கிற அமினோ அமிலமும் அயோடினும். தைராக்சினுக்கு டி4னு பேர் வந்ததே அதுல நாலு அயோடின் அணு இருக்குறதாலதான். செல்லுக்குள்ள போனதும் ஒரு அயோடின் கழன்று டி3 ஆகும். அதுதான் உண்மையா வேலை செய்யுற ஆள்.

ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். கர்ப்பிணிக்கு 250. ஒரு கிராமை பத்து லட்சம் பங்காப் பிரிச்சு அதுல 150 பங்கு! ஆயுசு முழுக்கக் கூட்டினாலும் ஒரு டீஸ்பூன் தேறாது. ஆனா தினமும் வரணும். ரத்தத்துல இருக்குற அந்தத் துளியூண்டு அயோடைடை இழுக்குறதுக்குன்னே தைராய்டு செல்லுல ஒரு பம்ப் இருக்கு. சோடியம்–அயோடைடு பம்ப்னு வெச்சுக்கலாம்.

இப்போ அயோடின் வரலன்னா? தைராக்சின் குறையும். பிட்யூட்டரி கத்தும். தைராய்டுக்கு மூலப்பொருள் இல்ல, ஆனா "உற்பத்தியைக் கூட்டு"ன்னு ஆர்டர் மட்டும் வந்துக்கிட்டே இருக்கு. அது என்ன பண்ணும்? செல்களைப் பெருக்கி, ஃபேக்டரியைப் பெரிசாக்கும். வருஷக்கணக்கா இது நடந்தா கழுத்து முன்னாடி வீங்கித் தெரியும். அதுதான் முன்கழுத்துக் கழலை. ஃபீட்பேக் லூப் நல்லாத்தான் வேலை செய்யுது, உள்ள வர வேண்டிய சரக்குதான் வரல.

மலையில ஏன்?

அயோடினோட உண்மையான வீடு கடல். மண்ணுல இருக்குறதும் தண்ணில கரையும். மலைச்சரிவுல வருஷா வருஷம் மழை அடிச்சு மேல்மண்ணைக் கழுவும்போது அதுவும் போயிடும். அந்த மண்ணுல விளையுற தானியம், காய், அந்தத் தண்ணி, அந்தப் புல்லைத் தின்ன மாட்டோட பால் எல்லாத்துலயும் அயோடின் கம்மி. உலகம் முழுக்க ஆல்ப்ஸ், ஆண்டிஸ், இமயமலைன்னு கழலை நோய் மலைகளைச் சுத்தியே பேசப்பட்டதுக்கு இதுதான் காரணம். ஆனா சமவெளி தப்பிச்சுதுன்னு அர்த்தமில்ல. இந்தியாவில் நடந்த கணக்கெடுப்புகளில் எந்த மாநிலமும் இந்தக் குறைபாட்டிலிருந்து முழுசா தப்பலன்னு தெரிஞ்சுது.

நம்ம கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையோட ஒரு பகுதி. கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பார்த்துட்டே மேல ஏறினா வெள்ளிமலை. மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை, மரவள்ளி, பலான்னு விவசாயம் பண்ற ஊர்கள். மேல கல்வராயன்ல மட்டுமில்ல, கீழே சின்னசேலம், சங்கராபுரம் பக்கமும், அந்தாண்ட ஆத்தூர், சேலம் வரைக்கும் மரவள்ளிக் காடுதான். நம்ம ஊர்ல குச்சிக்கிழங்குன்னா பச்சக்குழந்தைக்கும் தெரியும். பஸ்ல போகும்போதே சேகோ ஃபேக்டரி வாசனை வரும்.

இந்தக் கிழங்குக்கும் தைராய்டுக்கும் ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கு.

கிழங்குல இருக்குற கெமிஸ்ட்ரி

மரவள்ளியில லினமரின்னு ஒரு பொருள் இருக்கு. செல் உடையாத வரைக்கும் அது சும்மா இருக்கும். கிழங்கை வெட்டினாலோ கடிச்சாலோ, வேற அறையில இருக்குற லினமரேஸ்ங்கிற நொதி அதோட கலந்து சயனைடை வெளியே விடும். பூச்சி, எலி தின்னாம இருக்க செடி வெச்சிருக்குற செக்யூரிட்டி சிஸ்டம் இது. கசப்பு ரகங்கள்ல அதிகம், இனிப்பு ரகங்கள்ல கம்மி. மரவள்ளி இலையை வயிறு முட்டத் தின்ன ஆடு மாடு சுருண்டு விழுந்துடும்னு நம்ம பக்கத்து விவசாயிகளுக்கு நல்லாவே தெரியும்.

நம்ம உடம்புக்குள்ள கொஞ்சூண்டு சயனைடு போனா கல்லீரல் சமாளிக்கும். ரோடனேஸ்ங்கிற நொதி, புரதத்துல இருந்து கிடைக்குற கந்தகத்தை எடுத்து சயனைடு மேல ஒட்டிவிட்டு தயோசயனேட்டா மாத்தும். விஷம் போச்சு. கால்நடை டாக்டர், மரவள்ளி தின்ன மாட்டுக்கு சோடியம் தயோசல்ஃபேட் ஊசி போடுறதும் இதே லாஜிக்தான். கந்தகத்தை வெளியில இருந்து குடுக்குறார்.

ஆனா கதை அங்க முடியல. தயோசயனேட் அயனியோட சைஸும் மின்னேற்றமும் அயோடைடுக்குக் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கும். தைராய்டோட பம்ப்புக்கு வித்தியாசம் புரியாம ஏமாந்துடும். டிக்கெட் எடுத்த அயோடைடு வெளியே நிக்க, தயோசயனேட் வாசல்ல கூட்டம் போட்டுடும்.

இது வெறும் தியரி இல்ல. 1970களில் எர்மான்ஸ், டெலாஞ்ச் முதலிய பெல்ஜிய ஆய்வாளர்கள் ஆப்பிரிக்காவின் ஜயர் நாட்டில், இன்றைய காங்கோவில், உபாங்கி பகுதியில் வேலை பார்த்தாங்க. அங்க சரியா ஊறவைக்காத மரவள்ளிதான் தினசரி சாப்பாடு, அயோடினும் கம்மி. கழலையும், பிறவியிலேயே மூளை வளர்ச்சி குன்றிய கிரெட்டினிசமும் கடுமையா இருந்துச்சு. சிறுநீர்ல அயோடினுக்கும் தயோசயனேட்டுக்கும் உள்ள விகிதத்தை அளந்தாங்க. ஒரு மில்லிகிராம் தயோசயனேட்டுக்கு 7 மைக்ரோகிராமுக்கு மேல அயோடின் இருந்தா பிரச்சினை இல்ல. 3க்குக் கீழே போனா ஊர் முழுக்கக் கழலை.

அந்த விகிதத்தை நல்லா கவனிங்க. மரவள்ளி தனியா வில்லன் இல்ல. அயோடின் போதுமா இருந்தா தயோசயனேட் எவ்வளவு தள்ளுமுள்ளு பண்ணாலும் தைராய்டுக்குத் தேவையானது உள்ள வந்துடும். கேரளாவுல கப்பைக்குப் பக்கத்துல மீன் குழம்பு வைக்கிறாங்களே, அதுல ருசி மட்டுமில்ல. மீன்ல அயோடினும் இருக்கு, கந்தகம் உள்ள புரதமும் இருக்கு. கிழங்கு மட்டும் தின்னு, புரதமும் இல்லாம, அயோடின் உப்பும் இல்லாம இருக்குற வீட்டுலதான் ஆபத்து. யோசிச்சுப் பாருங்க, அது எந்த மாதிரி வீடு? மலைமேல ஏழை வீடுதான்.

அதனால குச்சிக்கிழங்கு சாப்பிடாதீங்கன்னு யாராவது ஃபார்வர்டு அனுப்பினா நம்பாதீங்க. தோலை நல்லா உரிச்சு, சின்னத் துண்டா வெட்டி, நிறைய தண்ணில வேகவெச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிடுங்க. பெரிய துண்டா போட்டு மூடி வேகவெச்சா, சூட்டுல நொதி செத்துடும், லினமரின் உள்ளயே தங்கிடும். சின்னத் துண்டா இருந்தா அது தண்ணில இறங்கிடும். ஜவ்வரிசிக்குப் பயப்பட வேணாம். கிழங்கை அரைச்சு, திரும்பத் திரும்பத் தண்ணில கழுவி மாவெடுத்து, காய வெச்சு, வறுக்கும்போது பெரும்பாலானது போயிடும். சயனைடு வாயு 26 டிகிரியிலேயே கொதிக்கும்ங்கிறது ஞாபகம் இருக்கட்டும்.

கடல் உப்புலயே அயோடின் இருக்குமே?

மாசச் சாமான் வாங்க ஒரு கடைக்குப் போயிருந்தப்போ பக்கத்துல ஒரு ஆயா கல்லுப்பு கேட்டாங்க. கடைக்கார அண்ணன், "ஆயா, அயோடின் உப்பு தரட்டுமா?"ன்னார். "அட போப்பா, அதுல மருந்து கலக்குறானுங்க. கடல் உப்புலயே எல்லா சத்தும் இருக்கு"ன்னு முடிச்சுட்டாங்க. ஆயா மட்டுமில்ல, நம்ம செட்டுலயே பிங்க் சால்ட், இந்துப்புன்னு மாறினவங்க இருக்காங்க. கணக்குப் போட்டே பார்த்துடலாம்.

ஒரு லிட்டர் கடல்நீர்ல சுமார் 35 கிராம் உப்பு. அயோடின் சுமார் 60 மைக்ரோகிராம். ஒரு துளியும் வீணாகலன்னு வெச்சுக்கிட்டாலும் ஒரு கிராம் உப்புக்கு 1.7 மைக்ரோகிராம். நாளைக்கு 10 கிராம் உப்பு தின்னா 17 மைக்ரோகிராம். தேவை 150. கிட்டத்தட்ட ஒன்பதுல ஒரு பங்கு! உப்பளத்துல வெயில்ல காயும்போது இன்னும் குறையும். மரக்காணம் உப்பளமும் கல்வராயன் மலையும் 2019 நவம்பர் வரைக்கும் ஒரே விழுப்புரம் மாவட்டம்தான். ஆனா அந்த உப்பு இந்த மலைக்கு வெறும் உப்பா வந்தா கடலோட அயோடின் கூட வராது. சேர்த்துதான் அனுப்பணும்.

எவ்வளவு சேர்க்கணும்? நம்ம நாட்டுச் சட்டப்படி தயாரிக்கும் இடத்துல 30 பி.பி.எம்., அதாவது கிராமுக்கு 30 மைக்ரோகிராம். நம்ம கைக்கு வரும்போது குறைஞ்சது 15. பத்து கிராம் உப்புல 15 வீதம் 150. கணக்கு டேலி ஆகுதா? சமையல்ல கொஞ்சம் போனாலும் தாங்குற மாதிரிதான் மேல 30 வெச்சிருக்காங்க. சேர்க்குறது பொட்டாசியம் அயோடேட். நம்ம ஈரப்பதத்துக்கு அயோடைடை விட அதுதான் தாக்குப்பிடிக்கும்.

இது வேலை செய்யும்னு காட்டின பரிசோதனையும் நம்ம நாட்டுலதான் நடந்துச்சு. 1956ல் இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் ஊர்களை மூணு மண்டலமாப் பிரிச்சாங்க. ரெண்டு மண்டலத்துக்கு அயோடின் உப்பு, ஒண்ணுக்குச் சாதா உப்பு. சில வருஷத்துல அயோடின் உப்பு போன இடத்துல மட்டும் கழலை நல்லா இறங்குச்சு. அப்புறம் மூணாவது மண்டலத்துக்கும் குடுத்தாங்க, அங்கயும் இறங்குச்சு. 1962ல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. அயோடின் இல்லாத உப்பை மனிதர் உண்ண விற்பதற்கு நாடு முழுக்க இருந்த தடை 2000ல் விலக்கப்பட்டு, 2006ல் மறுபடி வந்தது.

நம்ம மாநிலம்? நாட்டுல உப்பு அதிகமா விளைவிக்கிற மாநிலங்கள்ல நாமளும் ஒண்ணு. ஆனா 2018–19 இந்திய அயோடின் கணக்கெடுப்புல, போதுமான அயோடின் உள்ள உப்பு பயன்படுத்துற வீடுகள் நாடு முழுக்க 76.3 சதவீதம், தமிழ்நாட்டுல 61.9. மாநிலங்கள்லயே கடைசி இடம். ரேஷன் கடையில அயோடின் உப்பு கிடைச்சும், 2014ல் அம்மா உப்பு வந்தும் இந்த நிலைமை.

கழுத்து வீக்கம் மட்டும்தானா?

கழுத்து வீக்கம் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாததுதான் பெரிய நஷ்டம். கர்ப்பத்துல முதல் மூணு மாசம் குழந்தைக்குச் சொந்தமா தைராக்சின் கிடையாது, அம்மாவோடதுதான். மூளை செல்கள் இடம்பிடிக்கிற நேரம் அது. அப்போ அம்மாவுக்கு அயோடின் பற்றலன்னா அந்த நஷ்டத்தைப் பின்னாடி எந்த மாத்திரையும் ஈடுகட்டாது. கடுமையான அயோடின் குறைபாடு உள்ள ஊர்களையும் மத்த ஊர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளின் தொகுப்புகள்ல ஐ.க்யூ. சராசரியா 12–13 புள்ளி வித்தியாசம் வந்துச்சு. மலைமேல ஒரு பிள்ளை ஸ்கூல்ல பின்தங்கினா "படிப்பு ஏறல"ன்னு ஈஸியா சொல்லிடுறோம். அந்தப் பிள்ளை பிறக்குறதுக்கு முன்னாடியே அம்மாவோட உப்பு டப்பாவுல ஏதாவது குறைஞ்சுதான்னு யாரும் கேட்குறதில்ல.

சில குழந்தைகளுக்கு அயோடின் இருந்தாலும் தைராய்டே சரியா உருவாகாது. சுமாரா ஆயிரத்துல ஒரு குழந்தை. பிறந்து ரெண்டு மூணு நாள்ல குதிகால்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்து டி.எஸ்.எச். பார்த்தா தெரிஞ்சுடும். முதல் ரெண்டு வாரத்துக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சா பிள்ளை மத்தவங்க மாதிரியே வளரும். வீட்டுல யாராவது அக்கா, அண்ணி பிரசவத்துக்குப் போனா இந்த டெஸ்ட் பண்ணாங்களான்னு கேளுங்க.

இன்னொரு பக்கமும் சொல்லணும். இன்னைக்கு டவுன்ல, நம்ம கிளாஸ்மேட்ஸ் வீட்டுல தைராய்டு மாத்திரை சாப்பிடுற பலருக்கு அயோடின் குறைபாடு காரணமில்ல. உடம்போட எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குற ஹஷிமோட்டோ நோய்தான் பெரும்பாலும். கிரேவ்ஸ் நோய்னு இன்னொண்ணு. அதுல ஆன்டிபாடி, டி.எஸ்.எச். மாதிரி நடிச்சு தைராய்டை ஓவர்டைம் பார்க்க வைக்கும், சென்சாரை ஹேக் பண்ண மாதிரி. இதையெல்லாம் உப்பு சரி பண்ணாது. அதிக அயோடினும் சிலருக்குக் கெடுதல். அதனால அயோடின் சொட்டு மருந்து, கடல்பாசி கேப்சூல்னு சுயவைத்தியம் வேண்டவே வேண்டாம்.

நமக்கு என்ன வேலை?

காரணமே இல்லாம சோர்வு, எடை கூடுறது, மத்தவங்களுக்கு வியர்க்கும்போது உங்களுக்குக் குளிர்றது, மலச்சிக்கல், முடி கொட்டுறது, மாதவிடாய் தள்ளிப்போறது இருந்தா மந்த தைராய்டா இருக்கலாம். படபடப்பு, கை நடுக்கம், நல்லா சாப்பிட்டும் இளைக்கிறது, தூக்கமின்மை இருந்தா அதோட எதிர்ப்பக்கம். கழுத்துல வீக்கம் தெரிஞ்சா எந்த அறிகுறி இல்லன்னாலும் டாக்டரைப் பாருங்க. சிறுவங்கூர்ல நம்ம மாவட்டத்துக்குன்னு அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கு. முடிக்குன்னு பயோட்டின் மாத்திரை போடுறவங்க டெஸ்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி நிறுத்திட்டு, லேப்ல சொல்லிடுங்க. ரிப்போர்ட்டையே தப்பாக் காட்டும்.

தைராக்சின் மாத்திரை சாப்பிடுற அம்மாக்களுக்கு: வெறும் வயித்துல, காபிக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்னாடி. இரும்பு, கால்சியம் மாத்திரைக்கும் இதுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி. டோஸ் மாத்தினா உடனே டெஸ்ட் எடுத்துப் பயனில்ல. தைராக்சினோட அரை ஆயுள் ஒரு வாரம். அஞ்சு அரை ஆயுள் போனாத்தான் சிஸ்டம் ஸ்டெடி ஸ்டேட்டுக்கு வரும். ஆறு முதல் எட்டு வாரம் கழிச்சு டெஸ்ட் எடுக்கச் சொல்றது இதனாலதான். "நல்லாயிடுச்சு"ன்னு நீங்களா நிறுத்தவும் கூடாது.

உப்பு விஷயம் ரொம்ப சிம்பிள். பாக்கெட்டுல சிரிக்கும் சூரியன் லோகோ இருக்கான்னு பாருங்க. கல்லுப்புலயே அயோடின் சேர்த்தது கிடைக்குது. அதைத் தண்ணில அலசிப் போட்டா மேல இருக்குற அயோடேட் போயிடும், அலசாதீங்க. அடுப்புப் பக்கத்துல திறந்து வைக்காம மூடி போட்ட டப்பாவுல வைங்க. முடிஞ்சவரை கடைசியா சேருங்க. உப்பை அதிகமா சாப்பிடணும்னு இதுக்கு அர்த்தமில்ல, பிரஷர் வரும். இருக்குற அளவு உப்பு அயோடின் உப்பா இருந்தா போதும்.

கல்வராயன் பக்கம் என்.எஸ்.எஸ். கேம்ப் போற பசங்களுக்கு ஒரு வேண்டுகோள். மரம் நடுறது, சுவத்துல வாசகம் எழுதுறதோட, உப்புல அயோடின் இருக்கான்னு பார்க்குற சின்ன டெஸ்ட் கிட்டையும் சுகாதாரத் துறையில கேட்டு வாங்கிட்டுப் போங்க. அயோடேட் உப்புல ரெண்டு சொட்டு விட்டா ஊதா நிறம் வரும். ஸ்டார்ச்சும் அயோடினும் சேர்ந்தா வர்ற அதே நிறம், பிளஸ் டூ லேப்ல பார்த்தது. அந்த ஸ்டார்ச், பாட்டிங்க வளர்க்குற குச்சிக்கிழங்குலயும் இருக்குறதுதான்னு சொல்லி, அவங்க கண்ணு முன்னாடியே செஞ்சு காட்டுங்க. நிறம் வரலன்னா, அந்த வீட்டுல கர்ப்பிணி இருக்காங்களான்னு கேட்டு, கிராம சுகாதாரச் செவிலியர் அக்காகிட்ட சொல்லிட்டு இறங்குங்க.